ராசா இன்னும் இறங்கவில்லை

எனக்குக் காத்திருக்க வராது. பினாங்கில் ஃபெரி வரக் கால் மணி நேரம் தாமதமானால் அதற்குள் படகுத்துறையை நாலு சுற்று சுற்றிவிடுவேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டில் பெயர். இப்படிப்பட்ட ஒருத்தியைத் திருநெல்வேலிச் சீமைக்கு அனுப்பி, ஒரு நாடகம் முடியும்வரை காத்திருந்து பொருள் வாங்கி வரச் சொன்னது எங்கள் சங்கத் தலைவர் செய்த முதல் தப்பு.

விஷயம் இதுதான். எங்கள் சங்கம் பினாங்கில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் சின்னதாக அருங்காட்சியகம் நடத்துகிறது. அதில் நாடகத்துக்கென்று ஓர் அறை திறக்க ஏற்பாடு நடந்தது. உவரிக்குத் தெற்கே ஒரு மீன்பிடி ஊரில் ஈஸ்டர் முடிந்ததும் வேதசாட்சி நாடகம் போடுவார்கள். வேதத்துக்காக உயிர் விட்ட ஒரு புனிதரின் கதை. அவரைக் கொல்லும் உரோமை ராசா அணிகிற கிரீடத்தை எங்களுக்குத் தர ஊர்க் கமிட்டி சம்மதித்திருந்தது. அவர்களுக்கு மதுரையில் புதுக் கிரீடம் தயாராகிக்கொண்டிருந்தது. பழசுக்குப் பதிலாக நாங்கள் ஒரு மைக் செட் அனுப்பியிருந்தோம். ஒரே நிபந்தனை, இந்த வருஷ நாடகம் முடிந்த பிறகுதான் எடுத்துப் போகலாம். "கடைக்குப் போய் உப்பு வாங்குகிற வேலைதான்" என்றார் தலைவர். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை திருநெல்வேலி சந்திப்பில் இறங்கினேன். பினாங்கிலும் வெயில் உண்டு, ஆனால் சாயங்காலம் ஒரு மழை பெய்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும். இந்த ஊர் வெயில் அப்படிப்பட்டதல்ல. லாட்ஜ் மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஒத்தையிலயா வந்திய?" என்றார். ஆமாம் என்றேன். "டீச்சரா?" என்றார். இல்லை என்று சொல்லியும் பயனில்லை. புடவை கட்டி, தோளில் பை மாட்டி, தனியாக நடக்கிற பெண் இந்தப் பக்கத்தில் டீச்சராகத்தான் இருக்க முடியும் போலிருக்கிறது. அதன்பிறகு ஊரை விட்டுப் போகிறவரை நான் டீச்சர்தான்.

மதியம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சொதி ஊற்றினார்கள். தேங்காய்ப்பாலில் காய்கறியை வேகவைத்து எலுமிச்சம்பழம் பிழிந்த குழம்பு. தேங்காய்ப்பாலைக் குழம்பாக்கும் வித்தை எங்கள் ஊர் மலாய்க்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். மூன்று முறை கேட்டு வாங்கினேன். அல்வாவைப் பற்றி ஒரு வரியும் எழுதமாட்டேன். அதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள்.

சாயங்காலம் பாளையங்கோட்டையில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கிரீடத்தைப் பத்திரமாகக் கட்டுவது எப்படி என்று கேட்பதற்காக. காப்பாட்சியர் உற்சாகமான மனிதர். வெள்ளிக்கிழமை நடக்கவிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஓவியப் போட்டிக்காக வராந்தாவில் பாய் விரிக்க இடம் அளந்துகொண்டிருந்தார். "இங்கன கொண்டாங்க, நானே கட்டித் தாரேன். பிள்ளைங்க வரையறதுக்கும் ஒரு பொருள் ஆச்சு" என்றார். வெள்ளி சாயங்காலம் மெட்ராசுக்கு ரயில், சனிக்கிழமை இரவு விமானம். எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி அமைந்துவிட்டது என்று மனசு குதித்தது.

புதன்கிழமை கடற்கரைக்குப் பஸ் ஏறினேன். திசையன்விளைக்கு முன்னால் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கிப் பனைமர நிழலுக்கு ஒண்டினார்கள். நான் மட்டும் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "டீச்சர், சுத்துனா டயரு காத்து புடிக்காது. இங்கன வந்து உக்காருங்க" என்றார் ஒருவர். அவர் கூடங்குளத்துப் பக்கத்துக்காரர். அணு உலை வரப்போகிறது என்று நிலம் எடுத்துப் பல காலமாகிறது, இன்னும் ஒன்றும் வரவில்லை என்றார். "அதுக்கே நாங்க பேசாம உக்காந்துருக்கோம். ஒரு டயருக்கு நீங்க இந்தப் பாடு படுதிய." உட்கார்ந்தேன். பதநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணலில் மேடை எழும்பி நின்றது. கமிட்டித் தலைவர் பவுல் அண்ணாச்சியின் வீட்டில் எனக்கு இடம். அவர் ஓயாமல் உபசரிக்கிறவர். உட்கார்ந்தால் நாற்காலி போதுமா என்பார், நின்றால் ஏன் நிற்கிறீர்கள் என்பார். குசினியிலிருந்து சாளைக் குழம்பும் பொரித்த மீனும் வந்துகொண்டே இருந்தன. அடுப்படியை இந்தக் கரையில் குசினி என்கிறார்கள். என்றைக்கோ வந்துபோன பறங்கிக்காரன் விட்டுப்போன சொல் என்று அண்ணாச்சியே சொன்னார். அவர் மனைவியைச் சமைக்கிற சிரமத்திலிருந்து காப்பாற்ற நான் சாப்பிட்டு முடித்தேன் என்று மூன்று முறை பொய் சொன்னேன், எடுபடவில்லை.

அப்போதுதான் ஒருவர் வாசலுக்கு வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். உப்புக் காற்றில் காய்ந்த உடம்பு, துவைத்த வேட்டி. உள்ளே வரவில்லை. வீட்டுக்காரம்மாளைப் பார்த்து, "நாளைக்கு வெடியக்குள்ள நான் செய்யப்போறத பொறுத்துக்கிடுங்க" என்றார். அம்மாள், "பொறுத்தாச்சு, போயிட்டு வாங்க" என்றாள். பிறகு அவர் என்னைப் பார்த்து அதையே சொன்னார்.

அவர்தான் ராசா. பெயர் தொம்மை. ராசா வேஷம் கட்டுகிறவர் நாடகத்தன்று வீடு வீடாகப் போய் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ராசா மேடையில் சிலுவையை மிதிப்பார், அதற்காக.

"நாடகம்தானே, அண்ணாச்சி" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் 'பொறுத்தாச்சு' என்று சொல்கிறவரை நகரவும் இல்லை. பவுல் அண்ணாச்சி எனக்குக் கண் காட்டியபின் சொன்னேன்.

இரவெல்லாம் நாடகம். நடுவே மணலில் நான் தூங்கிப்போனேன், அதனால் அதை வருணிக்க எனக்கு யோக்கியதை இல்லை. கிழக்கு வெளுக்கிற நேரத்தில் பக்கத்திலிருந்த பெண்கள் என்னை உலுக்கி எழுப்பினார்கள். மேடையில் தொம்மை நின்றார். தலையில் அந்தக் கிரீடம், தகரத்தில் கண்ணாடிச் சில்லும் பாசிமணியும் பதித்தது, விளக்கொளியில் எரிகிற மாதிரி இருந்தது. வாசலில் நின்று கெஞ்சிய மனிதர் எங்கே போனார் என்று தெரியவில்லை. வேதசாட்சியை வெட்டச் சொன்னார். பிறகு தரையில் கிடந்த சிலுவையைப் பார்த்துச் சிரித்தார். காலைத் தூக்கினார். மிதித்தார். ஒரு முறை அல்ல, திருப்பித் திருப்பி. கூட்டத்தில் அழுகை வெடித்தது. கிழவிகள் மண்ணை வாரி மேடைமேல் எறிந்தார்கள். பிறகு இடி இடித்தது, அதாவது தகரத்தைத் தட்டினார்கள், ராசா விழுந்து செத்தார், திரை மூடியது.

அதற்குள் முதல் பஸ் ஹார்ன் அடிக்கத் தொடங்கிவிட்டது. நான் நிலைகொள்ளாமல் தவிப்பதைப் பவுல் அண்ணாச்சி பார்த்துவிட்டார். சனங்கள் சிலுவை முத்தி செய்ய, அதாவது சிலுவையை முத்தமிட, கோயிலுக்குக் கிளம்பினார்கள். அண்ணாச்சி மேடைக்குப் பின்னால் ஓடினார். திரும்பி வரும்போது கையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே, வேட்டித் துணியில் சுற்றிய கிரீடம். இன்னும் வேர்வை ஈரம் இருந்தது. "ஏறுங்க டீச்சர், பஸ் போயிரும்! விருந்தாளி பஸ்ஸ விட்டா ஊருக்கு அசிங்கம்லா" என்று என்னை ஏற்றிவிட்டார். மீன் கூடைகளுக்கு நடுவே கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு, காரியம் இவ்வளவு சுளுவாக முடிந்ததே என்று பூரித்துப்போனேன்.

வியாழன் மதியம் திருநெல்வேலிக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. சீவலப்பேரியில் எழுத்தறிவுக்காக ஒரு வீதி நாடகம் போடுகிறார்கள் என்று காப்பாட்சியர் சொல்லியிருந்தார். அறையைப் பூட்டி, பெட்டியை மேனேஜரிடம் ஒப்படைத்துவிட்டு டவுன் பஸ் ஏறினேன். ஆற்றோரம் நெல் அறுவடை முடிந்த வயல். கதிரரிவாளை இடுப்பில் செருகிய பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பண்ணையார் வேஷம் போட்டவர் கூலிக்காரனின் சோற்றுச் சட்டியைக் காலால் எற்றினார். ஒரு பெண் எழுந்தாள்.

"ஏலே, ஏசுததுன்னா ஏசு. சோத்த ஏம்லே எத்துத?"

கூட்டம் சிரித்தது. பண்ணையார் மீசையை முறுக்கிச் சமாளித்தார். நாடகம் முடிந்ததும் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். பண்ணையார் போய்விட்டார், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற இளைஞர் ஒருவர் நின்றார். திட்டிய பெண்ணிடமே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நடிப்பென்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும், போட்டோம், கழற்றினோம் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்தில் ஒரே ரகளை. வராந்தா முழுக்கப் பிள்ளைகள், வண்ணம் கலக்கிய தேங்காய்ச் சிரட்டைகள். காப்பாட்சியர் கிரீடத்தை ஒரு ஸ்டூல்மேல் வைத்தார். பகல் வெளிச்சத்தில் அதை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். உள்புறம் சிவப்புத் துணி தைத்திருந்தார்கள். பல வருஷத்து வேர்வையில் அது கறுத்துக் கிடந்தது. துணியை மட்டும் மாற்றிவிடாதீர்கள், அதுதான் கிரீடத்தின் உயிர் என்றார் காப்பாட்சியர். கீழிருந்து விளக்குப் போட்டால் எப்படியிருக்கும் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். இந்தப் பயணத்தில் நான் உண்மையாகவே சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான்.

அப்போது தூண் பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் காலி மீன் கூடை. லாட்ஜில் கேட்டுவிட்டு வந்தாளாம். கிரீடத்தைப் பார்த்ததும் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

"டீச்சர், நான் தொம்மை வீட்டுக்காரி. மரியரோஸ். எங்க வீட்டுல அவிய இன்னும் எறங்கல."

"எதிலிருந்து?" என்றேன்.

"ராசாவுல இருந்து."

எனக்கு விளங்கவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள். நாடகம் முடிந்ததும் எல்லோரும் சிலுவை முத்தி செய்துவிட்டுப் போனபிறகு, கடைசியாக ராசா கிரீடத்தோடு கோயில் வாசலுக்கு வரவேண்டும். சாமியாருக்குத் துணையாக வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வழிமறித்து நீ யார் என்று கேட்பார். அதன்பிறகு, அவரால் வெட்டுப்பட்ட வேதசாட்சி வேஷக்காரர்தான் கிரீடத்தை இறக்க வேண்டும். இறக்கினால்தான் அவர் மறுபடி கிறிஸ்தவர். அதுவரை கோயிலுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. ராசா திரைக்குப் பின்னால் செத்துக் கிடந்தபோதே பவுல் அண்ணாச்சி அவசரத்தில் கிரீடத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். எல்லோரும் போகட்டும் என்று கிடந்து, அலுப்பில் கண் அயர்ந்துவிட்டவர், எழுந்து தலையைத் தடவிப் பார்த்தால் கிரீடம் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறது.

"பங்குச் சாமியார் என்ன சொல்கிறார்?"

"அவரு சின்ன வயசு. 'அதெல்லாம் ஒண்ணுமில்ல தொம்மை, நீ எப்பவும் கிறிஸ்தவன்தான், உள்ள வா'ங்காரு. இவிய வர மாட்டேங்காவ. உபதேசியாரு அட்டையில ஒரு கிரீடம் வெட்டிக் கொண்டாந்தாரு. 'சிலுவய மிதிச்சது அந்தக் கிரீடம் வச்ச தல. அட்டய எறக்குனா அந்தத் தல எறங்குமா'ன்னு கேக்காவ. வீட்டுல மாதா படம் இருக்குன்னு வீட்டுக்குள்ளயும் வரல. கரையில கட்டுமரத்துக்கிட்ட கெடக்காவ. சோறு கொண்டு போனா வாங்குதாவ. ஆனா சிலுவ போடாம திங்குதாவ, டீச்சர். என்னயக் கெட்டுன நாள்ல இருந்து அப்பிடி ஒரு வாய் தின்னு நான் பாத்ததில்ல."

அழுதாள். பிறகு உண்மையான இடிக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மகளுக்கு மூன்றாவது ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் பெண் மாப்பிள்ளை பெயரை வாசிப்பதை ஓலை என்கிறார்கள். கடைசி ஓலைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். "பொண்ணுக்கு அப்பன் எங்கன்னு கேப்பாவ. அஞ்ஞானியாப் போயி வெளிய நிக்காவன்னு சொல்லவா? அந்தப் பிள்ள ரெண்டு நாளாத் தண்ணி குடிக்கல."

எனக்கு வந்தது கோபம்தான். ஒரு தகரக் கிரீடத்துக்கா இத்தனை? நேற்று துண்டை உதறிய பண்ணையாரை இவர்களுக்குக் காட்ட வேண்டும். "சரி, நீங்களே எடுத்துப் போங்கள், இறக்கிவிட்டு யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்" என்றேன். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். ராசா வீட்டுப் பெண்கள் கிரீடத்தைத் தொடக்கூடாதாம். காப்பாட்சியரைப் பார்த்தேன். அவர் பிள்ளைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது உங்கள் பாடு என்று அர்த்தம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகப் போனது. ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. கிரீடத்தோடு ஏறிப் போய்விடலாம். ஆனால் சிலுவை போடாமல் ஒருவர் சோறு தின்கிறார் என்பது என்னை ஏறவிடவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு அவளோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டுதான் நடந்தேன்.

சாண் ஏறினால் முழம் சறுக்கியது. பஸ் திசையன்விளையோடு நின்றுவிட்டது. அதற்குமேல் போகாது என்றார் கண்டக்டர். அங்கே மரியரோஸின் சித்தி வீட்டில் தங்கினோம். ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து தலைவரைக் கூப்பிட்டேன். "விமானத்தை விடுகிறாயா? ஒரு தகரத்துக்கா?" என்று கத்தினார். நான் மத்தியானம் நினைத்த அதே சொல்லை அவர் வாயில் கேட்டதும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. கிரீடம் இல்லாமலே அறையைத் திறந்துகொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை கிடைத்தது ஓர் ஐஸ் லாரி. முன்னால் நானும் டிரைவரும். மரியரோஸ் கிரீடம் படாத தூரத்தில், பின்னால் ஐஸ்பெட்டிகளோடு. டிரைவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு டீச்சர் இது?"

"உரோமை ராசாவுக்கு."

"ராசாவுக்கு ஐஸ் லாரிதான் கெடச்சுதா?" என்றவர், அதற்குப்பிறகு பள்ளம் மேடு பார்த்துப் பைய ஓட்டினார்.

கரையில் இறங்கியதும் பவுல் அண்ணாச்சி ஓடி வந்தார். அந்த மனிதர் இளைத்தே போயிருந்தார். "எல்லாம் என்னாலதான் டீச்சர், என்னாலதான்" என்று சொன்னார், கூடவே நாற்காலி கொண்டுவரச் சொன்னார். உடனே இறக்கிவிடலாம் என்றேன். முடியாது. இறக்க வேண்டிய ஜெபஸ்தியான், அதாவது வேதசாட்சியாக நடித்தவர், விடியலிலேயே கடலுக்குப் போய்விட்டார். வேதசாட்சிக்கும் வயிறு உண்டே.

ஆகவே காத்திருந்தோம். கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் தொம்மை உட்கார்ந்திருந்தார். வெறுந்தலை. நான் பெட்டியோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். வழக்கம்போல் எழுந்து நடக்கப் பார்த்தேன். அவர் அசையாமல் இருப்பதைப் பார்த்து எனக்கே கூச்சமாகிவிட்டது. கடைசியில் மனதில் இருந்ததைக் கேட்டேன். சாமியாரே வேண்டாம் என்றபிறகும் ஏன் இந்தப் பிடிவாதம்?

"சாமியாரு நல்லவரு டீச்சர். ஆனா மிதிச்சது நானுல்லா."

"நடித்ததுதானே?"

காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.

"நடிப்புன்னா பைய மிதிச்சிருக்கலாம். நான் நல்லா மிதிச்சேன். பாத்தியள்லா, சனம் எப்பிடி அழுதுதுன்னு? இன்னும் அழட்டும்னு மறுபடி மிதிச்சேன். பொம்பளைய மண்ண வாரி எறியும்போது..." நிறுத்தினார். "சந்தோசமா இருந்துது டீச்சர். நல்லாச் செய்யுதோம்னு ஒரு சந்தோசம். அந்தச் சந்தோசம் யாருக்கு வந்துது, எனக்கா, அந்த ராசாவுக்கா? எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல. அதான், எறக்குத ஆளு வந்து எறக்கட்டும்."

சீவலப்பேரியில் துண்டை உதறிய இளைஞர் நினைவுக்கு வந்தார். அவரும் நல்லவர்தான், ஆனால் அவர் சட்டியைத்தான் எற்றினார். அதன்பிறகு நான் எழுந்து நடக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

வெயில் தாழ்ந்தபிறகு படகு வந்தது. ஜெபஸ்தியான் ஈரக்காலோடு கோயிலுக்கு நடந்தார். தொம்மை பெட்டியிலிருந்து கிரீடத்தைத் தாமே எடுத்து வைத்துக்கொண்டார். வைத்ததும் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன். ஊரே பின்னால் வந்தது. கோயில் வாசலில் உபதேசியார் கையைக் குறுக்கே நீட்டினார்.

"நீ யாரு?"

"உரோமாபுரிக்கு ராசா." மேடையில் கேட்ட அதே குரல்.

ஜெபஸ்தியான் இரண்டு கையாலும் கிரீடத்தை இறக்கினார். இறக்கும்போது தொம்மையின் தலையைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்.

"நீ யாரு?"

பதில் வர நேரமாயிற்று. மரியரோஸ் என் கையை இறுக்கினாள்.

"செவமால மவன் தொம்ம. கடலுக்குப் போறவன்."

நெற்றியிலிருந்து தொடங்கிச் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார். மரியரோஸ் வாய்விட்டு அழுதாள். கூட நானும் அழுதேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வெளியே வந்தவர் கிரீடத்தை என்னிடம் நீட்டி, "இனிமே கொண்டு போங்க டீச்சர்" என்றார். அவர் முகத்தில் அதன்மேல் ஒரு பற்றும் இல்லை. அப்படியே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். மகள் பரிமாறினாள்.

மறுநாள் பஸ் மதியம்தான். ஞாயிற்றுப் பூசைக்கு நானும் போனேன், கடைசி வரிசையில் கிரீடப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். ராசா சங்கதி அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. தொம்மை அவர்களுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் இருந்தார். பூசை முடிகிற சமயம் இளம் சாமியார் ஓலையை எடுத்தார். மாப்பிள்ளை பெயர், அவன் தகப்பன் பெயர். பிறகு பெண் பெயர், "தொம்மை, மரியரோஸ் இவர்களின் மகள்" என்று நிறுத்தி வாசித்தார். தொம்மையின் தோள் ஒரு முறை குலுங்கியது.

"இது மூன்றாவது ஓலை. இந்தத் திருமணத்துக்குத் தடையாக இருப்பது எதுவென்று அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்க வேண்டும்."

பிறகு முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. பவுல் அண்ணாச்சி திரும்பினார், ஜெபஸ்தியான் திரும்பினார், மரியரோஸ் திரும்பினாள், மாப்பிள்ளையின் அம்மாகூடத் திரும்பினாள். அத்தனை பேரும் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள்.

முதலில் சிரித்தது தொம்மைதான்.